ரிசர்வில் போட்டால் மட்டும் திணறும் வண்டி: பெட்ரோல் டேங்க் துரு பற்றிச் சில குறிப்புகள்

அப்பாவோட ஆர்எக்ஸ் 100 ஆறு வருஷம் மாடிப்படிக்குக் கீழே சும்மாவே நின்னுச்சு. அப்பா போனதுக்கு அப்புறம் அதை எடுக்க யாருக்கும் மனசு வரலை. போன வருஷம் ஒருவழியா வெளியே எடுத்து, டேங்கில் கிடந்த பழைய பெட்ரோலைக் கொட்டி, கார்பரேட்டரைக் கழுவி, பிளக் மாத்தி, புதுப் பெட்ரோல் ஊத்தினதும் நாலாவது உதையிலேயே ஸ்டார்ட் ஆயிடுச்சு. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். அந்தச் சந்தோஷம் பதினைந்து நாள்தான்.

பிரச்சினை விசித்திரமா இருந்தது. சாதாரணமா ஓட்டினால் வண்டி நன்றாகப் போகும். பெட்ரோல் தீர்ந்து ரிசர்வில் போட்டால் ரெண்டு கிலோமீட்டருக்குள் திணற ஆரம்பிக்கும், அப்புறம் நின்றுவிடும். கார்பரேட்டரைக் கழட்டிக் கழுவினால் சரியாகும். அடுத்த தடவை ரிசர்வ் வரும்போது அதே கதை. மூன்றாவது தடவை கழுவும்போது எங்க ஊர் (தூத்துக்குடி) மெக்கானிக் அண்ணாச்சி சொன்னார்: "தம்பி, கார்பரேட்டருக்கு ஒண்ணும் இல்ல பாத்துக்கிடுங்க. அதுக்குச் சோறு போடுற எடத்தப் பாருங்க."

அதற்குப் பிறகு மூன்று வாரம் படித்தது, கேட்டது, செய்து பார்த்தது எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். பழைய வண்டி வைத்திருக்கிற யாருக்காவது ஒரு டேங்க் மிச்சமானால் சரி.

ரிசர்வ் என்பது தனி டேங்க் இல்லை

ரிசர்வுக்கு என்று டேங்குக்குள் தனி அறை எதுவும் கிடையாது. பெட்ரோல் காக்கைக் கழட்டிப் பார்த்தால் புரியும். அதிலிருந்து ஒரு சின்னக் குழாய் டேங்குக்குள் செங்குத்தாக நிற்கும். 'ஆன்' நிலையில் பெட்ரோல் அந்தக் குழாயின் தலை வழியாக வரும். மட்டம் குழாயின் தலைக்குக் கீழே இறங்கிவிட்டால் வண்டி நின்றுவிடும். 'ரிசர்வ்' நிலையில் குழாயின் அடியில் இருக்கிற இன்னொரு துவாரம் திறக்கும், அடியில் மிச்சமிருப்பது வரும்.

தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானது. துருத்தூள் அதைவிடக் கனமானது. ரெண்டும் போய்ச் சேருவது டேங்கின் அடியில், அதாவது ரிசர்வ் துவாரத்துக்குப் பக்கத்தில். அதனால் 'ஆனில் ஓடும், ரிசர்வில் திணறும்' என்பது பெரும்பாலும் டேங்க் நமக்கு அனுப்புகிற சேதி. நான் அதைக் கார்பரேட்டரின் நோய் என்று நினைத்து மூன்று தடவை மருந்து கொடுத்திருக்கிறேன்.

இதை அலட்சியம் செய்வதில் ஒரு ஆபத்தும் உண்டு. துருத்தூள் ஜெட்டைப் பாதி அடைத்தால் இன்ஜினுக்குப் போகும் கலவையில் பெட்ரோல் குறைந்து காற்று கூடும். டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் அப்படி ஓடினால் சூடு ஏறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஓடுகிற வேகத்தில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தூள் ஃப்ளோட் நீடிலில் மாட்டினால் நிலைமை தலைகீழ்: பெட்ரோல் நிற்காமல் வழியும்.

பெட்ரோல் இருக்கும் இடத்தில் துரு எப்படி வந்தது?

இது நியாயமான கேள்வி. பெட்ரோலால் இரும்பு துருப்பிடிக்காது. துருவுக்கு இரும்பு, ஆக்சிஜன், தண்ணீர் மூன்றும் வேண்டும். முதல் இரண்டும் டேங்கில் இருக்கின்றன. தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

எல்லாரும் சொல்லும் பதில், டேங்க் 'மூச்சு விடுகிறது' என்பது. பகலில் உள்ளே இருக்கும் காற்று சூடாகி விரிந்து மூடித் துவாரம் வழியாக வெளியே போகும். ராத்திரி குளிர்ந்து சுருங்கும்போது வெளிக்காற்றை ஈரத்தோடு உள்ளே இழுக்கும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அதில் எவ்வளவு தண்ணீர் வரும்? கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

காலியான டேங்கில் 10 லிட்டர் காற்று இருக்கிறது, பகலுக்கும் ராத்திரிக்கும் 10 டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். காற்றின் கொள்ளளவு சுமார் முப்பதில் ஒரு பங்கு மாறும். அதாவது ஒரு நாளைக்கு உள்ளே வருவது மூன்றில் ஒரு லிட்டர் காற்று. ஈரப்பதம் நிறைந்த 27 டிகிரிக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு (1000 லிட்டர்) 25 கிராம் அளவுக்குத் தண்ணீர் இருக்கும். அப்படியென்றால் ஒரு நாளைக்கு 8 மில்லிகிராம். ஒரு சொட்டுகூட இல்லை.

ஆனால் வருஷத்துக்கு 3 கிராம். அத்தனையும் உள்ளேயே தங்கி, இரும்போடு முழுசாகச் சேர்ந்தால் குறைந்தது 6 கிராம் இரும்பைத் தின்னும். இது உச்சவரம்பு, நடைமுறையில் அவ்வளவு ஆகாது. டேங்க் முழுக்கப் பரவினால் 6 கிராம் ஒன்றுமே இல்லை. ஆனால் டேங்க் தகடு ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. அந்த 6 கிராமும் ஒரே இடத்தில் அரித்தால் தீப்பெட்டியின் முகத்தில் பாதி அளவுக்குத் தகடே போய்விடும். தண்ணீர் ஒரே இடத்தில்தான் சேரும் என்பதுதான் இங்கே விஷயம்.

இதைவிடப் பெரிய வழிகளும் உண்டு. மூடியின் ரப்பர் வாஷர் காய்ந்து வெடித்திருந்தால் மழைத்தண்ணீரும், வண்டி கழுவும்போது பீய்ச்சி அடிக்கும் தண்ணீரும் நேராக உள்ளே இறங்கும். அடுத்தது எத்தனால். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தண்ணீரை இழுத்துத் தன்னோடு கலந்து வைத்துக்கொள்ளும். தினமும் ஓடும் வண்டிக்கு இதனால் கெடுதல் இல்லை, கொஞ்சம் ஈரம் பெட்ரோலோடு எரிந்து போய்விடும். மாசக்கணக்கில் நிற்கிற வண்டியில் ஒரு அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தனிப் படலமாக உட்கார்ந்துவிடும்.

இன்னொன்று டேங்கின் வடிவம். நடுவில் ஃப்ரேம் போவதற்காகக் குடைந்திருப்பதால் குதிரைச் சேணம் மாதிரி ரெண்டு பக்கமும் தொங்கும். அதனால் பள்ளமும் ரெண்டு. பெட்ரோல் காக் இருப்பது ஒரு பக்கம்தான். மறுபக்கப் பள்ளத்தில் விழுந்த தண்ணீருக்கு வெளியே போக வழியே இல்லை.

டேங்க் வாய் வழியாக டார்ச் அடித்தால் நேர் கீழே ஓரளவு பளிச்சென்று தெரியும், நாமும் 'சுத்தமா இருக்கு' என்று மூடிவிடுவோம். நானும் அப்படித்தான் ஏமாந்தேன். இந்தத் தடவை ஒரு சின்னக் கண்ணாடியைக் கம்பியில் கட்டி உள்ளே விட்டுப் பார்த்தேன். மேல்கூரை முழுக்கச் செம்மண். பெட்ரோல் படாத இடம் அதுதானே.

மாத்துவதா, காப்பாத்துவதா?

அண்ணாச்சியின் முதல் யோசனை டூப்ளிகேட் டேங்க். ஆர்எக்ஸ் 100 நம் நாட்டில் 1985-லிருந்து 1996 வரைதான் வந்தது, ஆனாலும் உதிரிபாகங்கள் இன்னமும் கிடைக்கின்றன. "புதுசு வாங்கிப் போட்டா ஒரு மணி நேர வேலை தம்பி" என்றார்.

அந்த டேங்கின் வலது பக்கத்தில் ஒரு ரூபாய் அளவுக்கு ஒரு பள்ளம் இருக்கு. நான் வண்டி ஓட்டக் கத்துக்கிட்ட அன்னைக்குக் கீழே போட்டதில் ஹேண்டில்பார் திரும்பி மோதின பள்ளம். அப்பா அதை டிங்கரிங் பண்ணவே இல்லை. கேட்டால், "இருக்கட்டும், அடுத்த தடவ ஒழுங்கா ஓட்டுவேல்லா" என்பார். அந்த டேங்கைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்ப முடியாது என்று அண்ணாச்சிக்கு விளக்கவில்லை. "இதையே சரி பண்ணிப் பாப்போம் அண்ணாச்சி" என்றதும் அவரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

எதை ஊற்றக் கூடாது

முதலில் ஒரு பாவமன்னிப்பு. கல்லூரிக் காலத்தில் நண்பனுடைய பழைய வண்டி டேங்க் ஒன்றை என் கையாலேயே கெடுத்திருக்கிறேன். கழிப்பறை கழுவும் ஆசிட்டை ராத்திரி ஊற்றி வைத்துவிட்டுத் தூங்கிப் போனோம். காலையில் டேங்க் வெள்ளியாக மின்னியது. ஒரு வாரம் கழித்து ஓடிக்கொண்டிருக்கும்போது பெட்ரோல் வாடை. குனிந்து பார்த்தால் சூடான இன்ஜின் மேல் சொட்டுச் சொட்டாக விழுகிறது. தீப்பிடிக்காதது எங்கள் அதிர்ஷ்டம், சாமர்த்தியம் இல்லை.

அந்த ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது துருவைக் கரைப்பதோடு நிற்காது, நல்ல இரும்பையும் தின்னும். தொழிற்சாலைகளில் இரும்பைச் சுத்தம் செய்ய இதே அமிலத்தைப் பயன்படுத்தும்போது, இரும்பைக் காப்பாற்ற வேறு வேதிப்பொருள்களைச் சேர்த்து, நேரம் பார்த்து வெளியே எடுப்பார்கள். நாம் ரெண்டையும் செய்வதில்லை. போதாததற்கு, மிச்சமிருக்கும் குளோரைடு சின்னக் குழிகளில் ஒளிந்துகொண்டு துருவை மறுபடி கிளப்பும்.

பாஸ்பாரிக் அமிலம் பரவாயில்லை. துருவை எடுத்த பிறகு இரும்பின் மேல் சாம்பல் நிறத்தில் மெல்லிய பாஸ்பேட் படலம் விட்டுப் போகும். துரு நீக்கித் திரவங்கள் பலவற்றில் இருப்பது இதுதான். கோலா பானத்திலும் இருக்கிறது என்று சொல்லி டேங்கில் ஊற்றுகிறார்கள். அதில் இருக்கும் அளவு ரொம்பக் குறைவு, சர்க்கரைப் பிசுக்குதான் மிச்சமாகும்.

மின்சாரத்தால் துரு எடுப்பதும் நல்ல முறை. சலவைச் சோடா கரைத்த தண்ணீரை நிரப்பி, 12 வோல்ட் சார்ஜரின் நெகட்டிவை டேங்கிலும், பாசிட்டிவை உள்ளே தொங்கும் ஒரு இரும்புக் கம்பியிலும் கொடுக்க வேண்டும். கம்பி டேங்கைத் தொடவே கூடாது. ரெண்டையும் மாற்றிக் கொடுத்தால் டேங்க்தான் கரையும். ஸ்டெயின்லெஸ் கம்பி போட்டால் நச்சுத்தன்மையுள்ள குரோமியம் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் திறந்தவெளியில்தான் செய்ய வேண்டும், பக்கத்தில் தீப்பொறி கூடாது. இந்த முறை நல்ல இரும்பைத் தொடாது. ஆனால் கம்பிக்கு நேரே இருக்கிற பரப்பில்தான் நன்றாக வேலை செய்யும். சேண வடிவ டேங்கின் மூலைகளுக்கு எட்டாது என்பதால் நான் இதை விட்டுவிட்டேன்.

நான் செய்தது: சிட்ரிக் ஆசிட்

பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்க்கிறோம் இல்லையா, அதே தத்துவம்தான். புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் களிம்பைப் பிடித்துக் கரைத்துக்கொண்டு வருகிறது. எலுமிச்சையில் இருக்கும் சிட்ரிக் அமிலமும் அப்படியே இரும்புத் துருவைப் பிடிக்கும். (புளியையே கரைத்து ஊற்றலாமா என்று வீட்டில் கேட்டார்கள். நார் முழுக்கக் காக்கில் போய் அடைத்துக்கொள்ளும்.) மளிகைக் கடையில் பொடியாகவே கிடைக்கும். வலுக் குறைந்த அமிலம் என்பதால் தப்பு செய்தாலும் திருத்திக்கொள்ள நேரம் கொடுக்கும்.

1. காலி செய்தல். சீட்டை எடுத்து, பின்பக்க போல்ட்டைக் கழட்டி, டேங்கைப் பின்னால் இழுத்தால் வந்துவிடும். பெட்ரோலை வெளியே, திறந்த இடத்தில் வடிக்கவும். காலி டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது. எரிவது ஆவிதான், அது காற்றோடு கலந்து நிற்பது காலி டேங்கில். சிகரெட், அடுப்பு, கிரைண்டர் எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

2. பிசுக்கு எடுத்தல். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பழைய பெட்ரோல் காய்ந்து வார்னிஷ் மாதிரிப் படிந்திருக்கும். அதற்கு அடியில் இருக்கிற துருவை அமிலம் தொடாது. கொஞ்சம் புதுப் பெட்ரோல் ஊற்றி அலசிக் கொட்டிவிட்டு, சோப்புத்தூள் கலந்த வெந்நீரால் மூன்று தடவை கழுவினேன்.

3. குலுக்குதல். பட்டறைகளில் நட்டு, போல்ட், ஜல்லி போட்டுக் குலுக்குவார்கள். போட்டதை எண்ணி வைத்துக்கொள்ளாவிட்டால் ஒன்று உள்ளேயே தங்கிவிடும். நான் ஒரு பழைய சைக்கிள் செயினைப் போட்டுக் குலுக்கினேன். முனையில் கயிறு கட்டியிருந்ததால் அப்படியே உருவி எடுக்க முடிந்தது. கொட்டிய தண்ணீர் காப்பி நிறத்தில் வந்தது.

4. ஊறவைத்தல். காக் இருந்த துவாரத்தைச் சைக்கிள் டியூப் துண்டும் தகரப் பட்டையும் வைத்து அடைத்தேன். வெளியே பெயிண்ட் போகாமல் இருக்க வாயைச் சுற்றி கிரீஸ் தடவி பாலிதீன் சுற்றினேன். 10 லிட்டர் வெந்நீருக்கு 700 கிராம் சிட்ரிக் ஆசிட். விளிம்பு வரை நிரப்ப வேண்டும், மேல்கூரைத் துருவுக்கு அதுதான் ஒரே வழி. மூடியை இறுக்கக் கூடாது, வாயு வெளியே போக வழி வேண்டும். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்தேன். முதல் கரைசல் பச்சை கலந்த பழுப்பாகி வேலை செய்வதை நிறுத்தியதும் கொட்டிவிட்டு இரண்டாவது ஊற்றினேன். மொத்தம் 18 மணி நேரம். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

5. முறித்தல். சமையல் சோடா கரைத்த தண்ணீரால் ரெண்டு தடவை அலசல். நுரைத்துக்கொண்டு வரும், அப்போதும் மூடி திறந்தே இருக்கட்டும். வெளியே எடுத்த அமிலக் கரைசலையும் சோடா போட்டு முறித்த பிறகே கொட்ட வேண்டும். செடிக்கும் கிணற்றுப் பக்கத்துக்கும் வேண்டாம்.

துரு மறைத்து வைத்திருந்த ஓட்டை

சுத்தம் செய்த டேங்கில் தண்ணீர் நிரப்பிச் செய்தித்தாள் மேல் வைத்தேன். அரை மணியில் காக் இல்லாத பக்கத்தின் அடியில் வட்டமாக ஈரம். குண்டூசி முனை அளவு ஓட்டை. அமிலம் போட்ட ஓட்டை இல்லை இது. பல வருஷமாகத் துருவே அதை அடைத்து வைத்திருந்தது. அதாவது இத்தனை நாள் அந்த வண்டியை நான் ஓட்டியது ஒரு துருக் கட்டியை நம்பி.

இதற்கு வெளியே எபாக்சி களிம்பு அப்புவது தற்காலிகம்தான். உள்ளே ஊற்றும் எபாக்சி பூச்சு உண்டு. பரப்பு சுத்தமாகவும் ஈரமில்லாமலும் இருந்தால் பிடிக்கும், இல்லாவிட்டால் கொஞ்ச நாளில் உரிந்து தோல் தோலாக வந்து காக்கை அடைக்கும். துருவாவது கரையும், உரிந்த எபாக்சியை எடுப்பது பெரும்பாடு. பல ஓட்டைகள் இருந்தால் அதைத் தவிர வழியில்லை. எனக்கு ஒன்றுதான் என்பதால் ரேடியேட்டர் பட்டறைக்குக் கொண்டு போய் ஈயப்பற்று வைத்தேன். அங்கே இருந்த பெரியவர் டேங்கை வாங்கியதும் முகர்ந்து பார்த்தார். மறுபடி ஒருமுறை கழுவினார். வாயை அடைத்துக் கவிழ்த்து, காக் துவாரம் வழியாக ஓட்டைக்கு இரண்டு விரற்கடை கீழே வரை தண்ணீர் ரொப்பினார். ஆவி தங்க இடமே விடாமல் செய்த பிறகுதான் சூடு காட்டினார். இப்படிச் செய்யாத இடத்தில் டேங்கைக் கொடுக்காதீர்கள்.

கடைசி பத்து நிமிஷம்

சுத்தமான இரும்பு ஈரத்தோடு காற்றில் இருந்தால் நிமிஷக்கணக்கில் செம்மை படர ஆரம்பிக்கும். இத்தனை உழைப்பும் இங்கேதான் வீணாகும். சோடாத் தண்ணீரில் ஒரு கடைசி அலசல், அப்புறம் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி உடனே கொட்டினேன். தகடு சூடாக இருப்பதால் ஈரம் தானே பறக்கும். மிச்சத்துக்கு ஹேர் டிரையர். (பெட்ரோலோ ஸ்பிரிட்டோ ஊற்றிய பிறகு டிரையர் காட்டவே கூடாது.) முழுசாகக் காய்ந்து, டேங்க் ஆறியதும் 200 மில்லி டூ டி ஆயிலில் கொஞ்சம் பெட்ரோல் கலந்து, எல்லாப் பக்கமும் படும்படி டேங்கை உருட்டினேன். டூ ஸ்ட்ரோக் வண்டியில் இதில் ஒரு சௌகரியம், மிச்ச ஆயில் இன்ஜினுக்குள் போனாலும் கெடுதல் இல்லை, ரெண்டு நாள் புகை கூடும், அவ்வளவுதான்.

மூடிக்குப் புது வாஷர், காக்குக்குப் புது ஓ ரிங், கார்பரேட்டருக்கு முன்னால் உள்ளே தெரிகிற மாதிரி ஒரு ஃபில்டர். இப்போது எட்டு மாசம் ஆகிறது. மாசம் ஒருமுறை ஃபில்டரைக் கழட்டி வெள்ளைத் துணியில் தட்டிப் பார்க்கிறேன். முதல் மாசம் கொஞ்சம் தூள் வந்தது, அதற்கப்புறம் இல்லை. வண்டியை நிறுத்தி வைத்தால் டேங்கை நிரப்பியே வைக்கிறேன், காற்றுக்கு இடம் குறைந்தால் ஈரத்துக்கும் இடம் குறையும். ஆனால் அது ஒரு மாசத்துக்குச் சரி. அதற்கு மேல் நிற்கும் என்றால் முழுசாக வடித்து ஆயில் பூசி வைப்பதுதான் நல்லது. ஞாயிற்றுக்கிழமை தோறும் பத்து கிலோமீட்டர் ஓட்டுவது இரண்டையும்விட நல்லது.

போன வாரம் வேண்டுமென்றே பெட்ரோல் தீரும்வரை ஓட்டிவிட்டு ரிசர்வில் போட்டேன். பைபாஸிலிருந்து வீடு வரை ஒரு திணறல் இல்லை. வீட்டுக்கு வந்து டேங்கைத் துடைக்கும்போது கை அந்தப் பள்ளத்தில் பட்டது. பெயிண்ட் அடிக்கிற அண்ணன், "இதையும் எடுத்துடலாமே" என்றார். வேண்டாம், இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.